கையுறையும் சிலம்பும்

(திங்கட் கூட்டத்தில் புலவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நாம் ஆண்டுதோறும் பேசுகின்றோம். கண்ணகியின் சினத்தைப் பேசுகின்றோம். மதுரை எரிந்ததைப் பேசுகின்றோம். ஆனால் பாண்டியன் செய்த பிழை யாது என்று நின்று எண்ணுவோர் சிலரே. அவன் கொடியவன் அல்லன். கள்வனை ஒறுப்பது அரசன் கடன் என்று எண்ணியவன்தான். அவன் செய்த பிழை இதுதான்: பொற்கொல்லன் சொல்லைக் கேட்டான், பொருள் அவன் கையில் இருந்தால் அவனே கள்வன் என்று முடிவு கட்டினான், உசாவாமலே ஆணையிட்டான். கோவலன் கையில் சிலம்பு இருந்தது. அது யார் சிலம்பு, அதனுள் இருக்கும் பரல் யாது என்று கேட்பாரில்லை. கேட்டிருந்தால் ஒரு நொடியில் உண்மை விளங்கியிருக்கும்.

இஃது ஏதோ பழங்கதை என்று எண்ணிவிடாதீர்கள். முறைமன்றத்திற்குத் தாயகம் என்று தன்னைப் புகழ்ந்து கொள்ளும் இங்கிலாந்தில், நம் காலத்தில், அஃதே பிழை மீண்டும் நிகழ்ந்தது. ஆங்கே சிலம்பு இல்லை. ஓர் அடுக்களைக் கையுறை இருந்தது. கோவலன் இல்லை, பள்ளி செல்லும் சிறுவன் ஒருவன் இருந்தான். அந்த வரலாற்றையே இன்று உங்கள்முன் வைக்க வந்துள்ளேன்.

1974ஆம் ஆண்டு அக்தோபர் 5ஆம் நாள். இலண்டனுக்குத் தென்மேற்கேயுள்ள கில்டுபோர்டு என்னும் ஊரில், படைவீரர்கள் மிகுதியாக வந்துபோகும் இரண்டு குடியகங்களில் வெடிகுண்டுகள் வெடித்தன. நால்வர் படையினர், ஒருவர் பொதுமக்களுள் ஒருவர் என ஐவர் மாண்டனர். மாண்ட படையினருள் 17 அகவையினரும் 18 அகவையினரும் இருந்தனர். அவர்களும் ஒரு தாயின் பிள்ளைகளே. அவர்களுக்காக அழாதவன் மாந்தன் அல்லன். நவம்பர் 7இல் உல்விச்சில் மற்றொரு குண்டு, இருவர் மாண்டனர். நவம்பர் 21இல் பர்மிங்காமில் இரு குடியகங்களில் குண்டுகள்; 21 உயிர்கள் போயின. இவை அயர்லாந்துக் குடியரசுப் படையின் செயல்கள்.

நாடு முழுதும் கொதித்தெழுந்தது. அயர்லாந்துப் பேச்சுச் சாயல் கேட்டாலே ஐயுறும் நிலை வந்தது. அந்தக் கொதிப்பில், நவம்பர் 29ஆம் நாள், ஒரு சட்டம் பிறந்தது. பெயர், பயங்கரவாதத் தடுப்பு இடைக்காலச் சட்டம். இரண்டே நாளில் நாடாளுமன்றத்தைக் கடந்தது. கொணர்ந்தவர் உள்துறை அமைச்சர் இராய் செங்கின்சு. இதன்வழி, ஐயத்தின்பேரில் பிடிக்கப்பட்ட ஒருவரைக் குற்றம் சாட்டாமலே ஏழு நாள் வரை காவல்துறை வைத்திருக்கலாம். இச்சட்டம் மிகக் கடுமையானது என்று அவரே ஒப்பினார். இடைக்காலத்திற்கு மட்டுமே என்றும் ஆறுதல் சொன்னார். அந்த 'இடைக்காலம்' எத்துணைக் காலம் நீண்டது தெரியுமா? மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டில் நிலையான சட்டமொன்று அதன் இடத்தைப் பிடிக்கும் வரை நீண்டது!

இனி, அந்த ஏழு நாளில் நடந்தது யாது என்று பார்ப்போம்.

பெல்பாசுட்டு நகரத்து இளைஞர்களான பால் இல், செரி கான்லன் ஆகிய இருவரையும் நவம்பர் இறுதியில் பிடித்தனர். அடித்ததாகவும் அச்சுறுத்தியதாகவும் அவர்கள் பின்னர்க் கூறினர். இருவரும் ஒப்புதல் எழுதிக் கொடுத்தனர். அவ்வொப்புதல்களில் வேறு பெயர்கள் வந்தன. அவர்களைப் பிடித்தனர். அவர்களுள் ஒருத்தி கேரல் இரிச்சர்ட்சன். அகவை 17. அயர்லாந்துக்காரியும் அல்லள்; ஆங்கிலப் பெண். அவளும் ஒப்புதல் எழுதினாள்.

குண்டு வெடித்த அம்மாலையில் அவள் இலண்டனில் ஓர் இசை நிகழ்ச்சியில் இருந்தாள். இசைக்குழுவினரோடு அவள் நின்ற நிழற்படமும் இருந்தது. அதற்கு அரசுத் தரப்பு என்ன சொல்லிற்று? குண்டை வைத்துவிட்டு விரைந்து ஊர்தியில் இலண்டன் வந்திருக்கலாம் என்றது. முடிவை முன்னே வைத்துக்கொண்டு சான்றை அதற்கேற்ப வளைப்பது என்பது இதுதான்.

1975 அக்தோபரில், அவளோடு மூவர்க்கும் வாழ்நாள் சிறை கிடைத்தது. அவளோ குற்றம் நிகழ்ந்ததாகக் கூறப்பட்ட நாளில் 18 நிரம்பாதவள். ஆகவே அரசியின் விருப்பம் உள்ளவரை சிறை என்றனர். இளையவள் என்பதற்காகக் காட்டிய சலுகையைப் பார்த்தீர்களா? காலவரையறையே இல்லாத சிறை! குற்றத்தை நாட்டிற்கு எதிரான இரண்டகமாகச் சாட்டாமல் விட்டனரே என்று நடுவர் சான் டொனால்ட்சன் மன்றத்திலேயே வருந்தினார். அக்குற்றத்திற்கு அப்போதும் தூக்கு ஒறுப்பு இருந்தது. அவர் விருப்பம் நிறைவேறியிருந்தால், பின்னாளில் குற்றமற்றவர் என்று விடுவிப்பதற்கு ஆளே இருந்திருக்காது.

பெருமக்களே, இப்போது அந்தக் கையுறைக்கு வருகின்றேன்.

அந்த ஒப்புதல்களில் செரி கான்லனின் அத்தை ஆன் மகுவயரின் பெயரும் வந்தது. இலண்டனில் கணவரோடும் மக்களோடும் வாழ்ந்த உழைப்பாளிப் பெண். 1974 திசம்பர் 3ஆம் நாள் காவலர் அவ்வீட்டிற்குட் புகுந்தனர். அன்று அங்கே யார் யார் இருந்தனர்? கணவர் பேட்ரிக்கு மகுவயர், மக்கள், ஆனின் உடன்பிறந்தார், தன் மனைவி மருத்துவமனையில் இருந்ததால் பிள்ளைகளைச் சற்றுப் பார்த்துக்கொள்ளுமாறு கேட்க வந்த நண்பர், சிறைப்பட்ட தன் மகன் செரிக்கு வழக்கறிஞர் தேடிப் பெல்பாசுட்டிலிருந்து அன்றுதான் வந்து சேர்ந்திருந்த சூசெப்பே கான்லன். மகனைக் காக்க வந்த தந்தை, மகனைப் போலவே சிறைப்பட்டார்.

வீட்டைத் துருவினர். வெடிமருந்து ஒரு துளியும் கிடைக்கவில்லை. கைகளையும் நகக்கண்களையும் துடைத்தெடுத்து உல்விச்சிலுள்ள அரசுப் படைக்கல ஆய்வகத்திற்கு அனுப்பினர். நைட்ரோகிளிசரின் என்னும் வெடிமருந்தின் சுவடு இருப்பதாக ஆய்வகம் சொல்லிற்று. ஆனின் கைகளில் இல்லை; ஆனால் அவர் வீட்டுக் கையுறையில் உண்டு என்றது. இளைய மகன் பேட்ரிக்கின் நகக்கண்ணில் உண்டு என்றது. பிடிபட்டபோது அவனுக்கு அகவை 13. நம் பள்ளியில் எட்டாம் வகுப்பில் அமர்ந்திருக்க வேண்டிய பிள்ளை!

ஆய்வுக்கு எடுத்த துடைப்புகள் ஆய்விலேயே தீர்ந்துபோயின. மீண்டும் ஆய்ந்து பார்க்க வழியில்லை. ஆய்வகம் சொன்னதே முடிந்த முடிபு. பொற்கொல்லன் சொன்னதே முடிந்த முடிபு என்றானன்றோ பாண்டியன், அதே போன்று!

1976 மார்ச்சு 4ஆம் நாள், அதே நடுவர் டொனால்ட்சன் முன்னிலையில் எழுவரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. தாய்க்கும் தந்தைக்கும் 14 ஆண்டு. சூசெப்பே கான்லனுக்கு 12 ஆண்டு. 17 அகவை மகன் வின்செண்டுக்கு 5 ஆண்டு. 14 அகவை மகன் பேட்ரிக்குக்கு 4 ஆண்டு. மேன்முறையீட்டு மன்றத்தின் கதவு 1977இல் அடைபட்டது. சிறுவன் பேட்ரிக்கு தன் சிறைக்காலம் முடிந்து வெளியே வந்தபோது, வீட்டில் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. இருவரும் இன்னும் சிறையிலே இருந்தனர். ஆன் மகுவயர் 1985இல்தான் வெளிவந்தார். சூசெப்பே கான்லன் வெளிவரவே இல்லை. நுரையீரல் நோயுற்று 1980 சனவரியில் சிறைக்காவலிலேயே உயிர்நீத்தார்.

இத்தனைக்கும் உண்மை மறைந்தா கிடந்தது? இல்லை. 1975 திசம்பரில் இலண்டனில் வேறொரு குழுவினர் பிடிபட்டனர். கில்டுபோர்டிலும் உல்விச்சிலும் குண்டு வைத்தவர்கள் நாங்களே, குற்றமற்ற நால்வர் சிறையில் வாடுகின்றனர் என்று அவர்கள் 1977இல் வெளிப்படையாகவே கூறினர். கேட்ட மன்றம் அதனை ஏற்கவில்லை. அவர்கள் மீது கில்டுபோர்டு வழக்கும் தொடுக்கப்படவில்லை. ஆக, குற்றமற்றவரைச் சிறையிட்டதால் நேர்ந்தது இரட்டைக் கேடு. மாண்ட ஐவர்க்கும் முறை கிடைக்கவில்லை. வாழ்ந்தவர்க்கும் முறை கிடைக்கவில்லை. வன்முறையை ஒடுக்க இக்கடுமை வேண்டும் என்று வாதிடுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். பொய்யான கைதி ஒருவன் சிறைக்குட் சென்றால், மெய்யான குற்றவாளி ஒருவன் வெளியே உலவுகின்றான் என்பதே பொருள்.

பின்னர், இதழாளர் சிலரும், விடாது உழைத்த வழக்கறிஞர்களும், கத்தோலிக்கக் கருதினால் பேசில் இயூமும் உண்மையைத் தோண்டினர். அவர்களோடு சேர்ந்தவர்களுள் ஒருவர் யார் தெரியுமா? அச்சட்டத்தைக் கொணர்ந்த இராய் செங்கின்சுவே! தன் காலத்துப் பிழையைத் திருத்தத் தானே வந்து நின்றார். அம்மட்டில் அவரைப் பாராட்டுவோம்.

காவல்துறைக் குறிப்புகள், உசாவலின்போதே எழுதப்பட்டவை என்று மன்றத்தில் காட்டப்பட்டவை, முன்பே தட்டச்சிட்டுத் திருத்திய படியிலிருந்து எழுதப்பட்டவை போல் இருப்பது வெளிப்பட்டது. 1989 அக்தோபர் 19ஆம் நாள் நால்வரும் விடுதலை பெற்றனர். காவலர்கள் பொய்யுரைத்திருக்க வேண்டும் என்று தலைமை நடுவரே மன்றத்தில் கூறினார். 17 அகவையில் உள்ளே சென்ற கேரல், 32 அகவையில் வெளியே வந்தாள். அந்தப் பதினைந்து ஆண்டுகளை எந்த மன்றம் திருப்பித் தரும்? அவள் 2012இல், 55ஆம் அகவையில் மறைந்தாள். பொய்யுரைத்தனர் எனக் குற்றஞ்சாட்டப்பட்ட காவலர் மூவர் 1993இல் விடுவிக்கப்பட்டனர்.

மகுவயர் குடும்பத்தார்க்கோ இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. சான் மே என்னும் நடுவர் தலைமையில் அமைந்த உசாவற்குழு, ஆய்வக அறிவியலாளர் தாம் அறிந்த சிலவற்றை மன்றத்திற்குச் சொல்லாது விட்டதை 1990இல் வெளிக்கொணர்ந்தது. அத்துகள் ஒரு துண்டுத்துணியில் கைதுடைத்த அளவிலேயே ஒருவர் கையிலிருந்து பிறர் கைக்குச் சென்றிருக்கக் கூடும் என்றும் கண்டனர். 1991 சூன் 26இல் எழுவர் மீதான தீர்ப்பும் நீக்கப்பட்டது. 2005 பிப்ரவரி 9ஆம் நாள், தலைமையமைச்சர் தோனி பிளேர் இரு குடும்பத்தாரிடமும் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். பிடிபட்ட நாளிலிருந்து முப்பது ஆண்டுகள்! பாண்டியன் தன் பிழையை உணர்ந்த அந்நொடியிலேயே உயிர்துறந்தான். இலண்டன் ஒரு சொல் சொல்வதற்கு முப்பது ஆண்டு எடுத்துக்கொண்டது.

நண்பர்களே, செய்யாத குற்றத்தை ஒருவன் ஏன் ஒப்புக்கொள்கின்றான் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நானும் ஒருகாலத்தில் அவ்வாறே எண்ணியவன். அதனால் என் வாழ்வில் நேர்ந்த ஒன்றைச் சொல்கின்றேன்; சொல்ல நாணமாகத்தான் இருக்கின்றது.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், ஒன்பதாம் வகுப்புத் தேர்வுக் கட்டணம் 340 உருபா காணாமற் போயிற்று. ஏழைப் பையன் ஒருவன் மீது எனக்கு ஐயம். அவன் இடைவேளையில் வகுப்பிலேயே இருந்தான் என்பதைத் தவிர வேறு சான்று என்னிடம் இல்லை. அவனைத் தனியறையில் நிற்க வைத்துக் கேட்டேன். அடிக்கவில்லை, ஆனால் விடவும் இல்லை. மூன்று முறை 'இல்லை ஐயா' என்றான். பள்ளி விட்டு நெடுநேரமாயிற்று. நான்காம் முறை 'ஆமாம் ஐயா, நான்தான்' என்றான். பணம் எங்கே என்றேன். 'பந்து வாங்கிவிட்டேன்' என்றான். எந்தக் கடை என்று கேட்டதற்கு ஒரு கடையையும் சொன்னான். நான் வெற்றி பெற்றவன்போல் வீடு திரும்பினேன்.

இரண்டு நாள் கழித்து அப்பணம் என் வருகைப் பதிவேட்டின் உறைக்குள்ளே இருந்தது. வைத்தவன் நானே. பையனை அழைத்து, 'ஏனப்பா ஒப்புக்கொண்டாய்?' என்று கேட்டேன். 'ஒத்துக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம்னு சொன்னீங்களே, ஐயா' என்றான். அவன் என்னைக் குறைகூடச் சொல்லவில்லை. அதுதான் இன்றளவும் என்னைச் சுடுகின்றது.

ஒரு தமிழாசிரியன், ஒரு மாலைப்பொழுதில், அடிக்காமலே ஒரு சிறுவனிடமிருந்து பொய்யான ஒப்புதலைப் பெற முடிந்தது. பந்தும் கடையும் உட்பட! காவற்கூடத்தில் ஏழு நாள் வைத்தால் எதைத்தான் பெற முடியாது? பிள்ளைகள் நாளையை எண்ணுவதில்லை. இப்போதைய அச்சம் நீங்கினால் போதும் என்றே எண்ணுவர். அது பிள்ளை மனத்தின் இயல்பு.

ஆகவேதான், காவலரிடம் கூறும் ஒப்புதலை மன்றம் சான்றாக ஏற்கக்கூடாது என்று 1872ஆம் ஆண்டு இந்தியச் சான்றுச் சட்டம் கூறிற்று. ஆனால் 1985இல் வந்த தடா என்னும் சட்டம், 1987இல் மீண்டும் இயற்றப்பட்டபின் 1995இல் முடியும் வரை, காவல் கண்காணிப்பாளரிடம் கூறும் ஒப்புதலைச் சான்றாக்கிற்று. 2002இல் வந்து 2004இல் நீக்கப்பட்ட பொடாச் சட்டமும் அவ்வாறே செய்தது. ஈழத் தமிழர்க்கு இது புதிதன்று. 1979இல் இலங்கையில் இயற்றிய பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் பெயரிலும் 'இடைக்காலம்' என்றே இருந்தது. மூன்றே ஆண்டில், 1982இல், அதனை நிலையானதாக்கினர். அதிலும் காவல் அலுவலரிடம் கூறும் ஒப்புதல் சான்றாயிற்று. நாடு வேறு, மொழி வேறு. ஆனால் வழி ஒன்றே. முதலில் அச்சம், அடுத்து இடைக்காலச் சட்டம், அதன்பின் ஒப்புதல், கடைசியில் சிறையில் ஒரு சிறுவன்.

இங்கிலாந்து தன் பிழையிலிருந்து சிலவற்றைக் கற்றுக்கொண்டது. காவல்துறை உசாவும்போது சிறுவர்க்குத் துணையாகப் பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பதை 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வகுத்த நெறிகள் உறுதியாக்கின. ஆனால் 17 அகவையினரைப் பெரியவராகவே அந்நெறிகள் கருதின! கேரலின் அகவை எது என்பதை எண்ணிப் பாருங்கள். 2013இல் உயர்மன்றம் தீர்ப்பளித்த பின்னரே அக்குறை நீங்கிற்று.

இனி நாம் செய்யத்தக்கது யாது? வெறும் பேச்சோடு கலைந்தால் பயனில்லை. மூன்று சொல்கின்றேன்.

முதலாவது, ஆசிரியர்களுக்கு. நம் நாட்டில் 2015ஆம் ஆண்டு இளையோர் நயன்மைச் சட்டப்படி, ஒருவனுக்கு 18 நிரம்பவில்லை என்பதற்கு முதற்சான்றாகக் கொள்ளப்படுவது பள்ளி தரும் பிறந்தநாட் சான்று. 18 நிரம்பாதவனைக் காவற்கூடத்திலோ சிறையிலோ அடைக்கக்கூடாது என்று அச்சட்டம் கூறுகின்றது. வழக்கின் எந்த நிலையிலும், தீர்ப்புக்குப் பின்னரும்கூட, அகவையை எடுத்துக்காட்டலாம். ஆனால் ஒரு பையன் பெரிய வழக்கொன்றில் சிக்கினான் என்று கேட்டதும், நமக்கேன் வம்பு என்று சான்று தரத் தயங்கும் தலைமையாசிரியர்களை நான் அறிவேன். அந்த ஒரு தாள் அவனுக்கு உயிர். அத்தாளை அன்றே எழுதிக் கொடுங்கள். மாணவன் குற்றவாளியா அல்லனா என்பது மன்றத்தின் வேலை. அவன் எத்தனை அகவையினன் என்று சொல்வது நம் கடமை.

இரண்டாவது, பெற்றோர்க்கு. பிள்ளையை அழைத்துச் சென்றால் பின்னாலேயே செல்லுங்கள். எங்கே அழைத்துச் செல்கின்றீர், எதற்கு என்று கேளுங்கள். வழக்கறிஞர் வரும்வரை எதிலும் கையொப்பமிடாதே என்று பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். தமிழில் எழுதாத தாளில், படித்து விளங்காத தாளில், கையொப்பம் இடவே கூடாது.

மூன்றாவது, நம் அனைவர்க்கும். ஒருவனைப் பிடித்துவிட்டனர் என்று செய்தித்தாளில் படித்த மாத்திரத்தில் அவனைக் குற்றவாளி என்று சொல்லாதீர்கள். அவன் வேறு இனத்தவனாயினும், வேறு சமயத்தவனாயினும், நமக்குப் பிடிக்காத கொள்கையினனாயினும் சொல்லாதீர்கள். நம்மவர்க்கு ஒரு முறை, பிறர்க்கு ஒரு முறை என்றால் அது முறையே அன்று. அயர்லாந்துச் சிறுவனுக்காக இன்று நாம் பேசுவதன் பொருள் அதுதான். எவ்வுயிர்க்கும் ஒரே கோல் என்று கொண்டதாலன்றோ, கன்றை இழந்த ஆவிற்காகத் தன் மகனையே ஒறுத்த சோழனை நாம் போற்றுகின்றோம்!

பேட்ரிக்கு மகுவயர் பின்னாளில் ஓவியரானார். தன் கதையை நூலாகவும் எழுதினார். ஆனால் அவரைப் போல் எழுதத் தெரியாத, கேட்க ஆளில்லாத சிறுவர் எத்தனை பேர் எத்தனை நாடுகளில் இருப்பர்! அவர்கள் கையில் இருக்கும் சிலம்பினுள் உள்ள பரல் மாணிக்கமா முத்தா என்று உடைத்துப் பார்க்கச் சொல்லும் குரல் ஒன்று வேண்டும். கண்ணகி வரும் வரை காத்திராமல், கோவலன் உயிரோடிருக்கும்போதே அக்குரல் எழ வேண்டும். அது நம் குரலாகட்டும்.

வெல்க அறம்! வாழ்க தமிழ்!